தோடர் சால்வை: பார்த்து வாங்க, பத்திரமாக வைக்க

ஊட்டியில், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையல் சால்வை வாங்கும்போது முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். தையல் சட்டமும் வரைபடமும் இல்லாமல், முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பு, கறுப்பு நூலால் தைப்பது இது. ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும். மறுபக்கம் குட்டி நூல்வளையங்கள் எழும்பிச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்புதான் தோடர்களுக்கு முகப்பு. பின்பக்கம் என்று நினைத்து உள்ளே மடித்துப் போர்த்துவது அந்த உழைப்பையே மறைப்பதாகும். இந்தப் பூவேலைக்கு 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு (இந்த இடத்துக்கே உரிய பொருள் என்ற சான்று) இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

துவைக்கும் முன், ஈர வெள்ளைத் துணியால் சிவப்பு நூலை ஓரத்தில் ஒற்றுங்கள். சாயம் ஒட்டினால் ட்ரை கிளீனிங்தான். ஒட்டாவிட்டால் பச்சைத் தண்ணீர், மென்மையான திரவ சோப்பு, ஐந்தே நிமிடம். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம்: பூவேலை நூல் கம்பளியாக இருந்தால் சுருங்கும், பருத்தித் துணி அந்த அளவுக்குச் சுருங்காது, பூவேலை இழுத்துக்கொண்டு துணி கோணும். முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கையாக விரியுங்கள்.

மோதிரத்தில் மாட்டி நூல் இழுபட்டால் வெட்டாதீர்கள். மழுங்கிய ஊசியால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். மலையின் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, வெயில் கண்ட நாளில் காற்றாட விடுங்கள்.