திமிங்கல வேட்டை பற்றி வாயைத் திறப்பதற்கு முன்

வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் ஏதோ ஒரு சின்னக் குடா, தண்ணீர் முழுக்கச் சிவப்பு, இடுப்பளவு ஆழத்தில் நிற்கும் ஆட்கள், கரையோரம் வரிசையாகக் கறுத்த திமிங்கல உடல்கள். கீழே "மனுஷனா இவனுங்க" என்று ஒரு வரி. பார்த்த வேகத்தில் நாலு குரூப்புக்குத் தட்டிவிடத்தான் கை போகும், எனக்கும் போயிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். சிவப்புத் தண்ணீரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஆட்டுத்தொட்டி ரத்தம் சாக்கடைக்குள் போய் மறைந்துவிடுகிறது, இது கடலில் கலந்து ஊர் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். சரியா தப்பா என்று சொல்ல வேறு சில விஷயங்களைத் தோண்ட வேண்டும். நான் தோண்டும் வழி இது.

முதலில், எந்தத் திமிங்கலம்? அண்டார்டிக் நீலத் திமிங்கலத்தைப் போன நூற்றாண்டில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சாத அளவுக்கு அடித்துத் தீர்த்தார்கள். அதில் இன்னொன்றைக் கொல்லலாமா என்று விவாதிக்கவே வேண்டாம். ஆனால் ஃபாரோவில் பெரும்பாலும் பிடிபடுவது பைலட் திமிங்கலம் என்ற சின்ன வகை. வட அட்லாண்டிக்கில் அவை லட்சக்கணக்கில் இருக்கின்றன, அங்கே கொல்வது ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 800. "இனமே அழியப்போகுது" என்று நீங்கள் ஆரம்பித்தால் இந்தக் கணக்கைக் காட்டி வாயை அடைத்துவிடுவார்கள்.

அடுத்தது, அந்தக் கணக்கை எடுத்தது யார் என்று பாருங்கள். இதை அவசரப்படாமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் பொய் இரண்டு பக்கமும் வரும். சோவியத் கப்பல்கள் கிட்டத்தட்ட 1,80,000 திமிங்கலங்களைக் கொன்றுவிட்டுக் கணக்கில் காட்டாமல் மறைத்தது பல வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. இதற்கு நேர்மாறான கதை அலாஸ்காவில் நடந்தது. 1977இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம், போஹெட் திமிங்கலம் சொற்பமாகத்தான் மிஞ்சியிருக்கிறது என்று சொல்லி அங்குள்ள பழங்குடிகளான இனுப்பியாக் மக்களின் வேட்டைக்குத் தடை போட்டது. அவர்களோ, "நீங்கள் திறந்த தண்ணீரில் தெரிவதை மட்டும் எண்ணுகிறீர்கள், அது பனிக்கு அடியிலும் நீந்திப் போகிறது" என்றார்கள். தண்ணீருக்குள் மைக் இறக்கி ஒலியை வைத்து எண்ணிப் பார்த்தபோது அவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. பிற்பாடு மதிப்பீடு பத்தாயிரத்தைத் தாண்டியது. இப்போது அலாஸ்காவின் பதினொரு வேட்டைக் கிராமங்களுக்கும் ரஷ்யாவின் சுக்கோட்கா பழங்குடிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 67 தாக்குதல் என்பது வரம்பு (பயன்படுத்தாமல் மிஞ்சியதில் கொஞ்சத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம்). பிடித்த திமிங்கலத்துக்கு மட்டும் கணக்கு என்றில்லை, அடிபட்டுத் தப்பி ஓடியதும் வரம்பில் கழிந்துவிடும். குறி தவறினால் நஷ்டம் வேட்டைக்காரனுக்கே. ஒரு வேட்டை விதி ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அப்புறம், அது எப்படிச் செத்தது? என் மார்க்கில் பாதி இதற்கு. ஐஸ்லாந்தில் ஃபின் திமிங்கலத்தைக் கப்பல் முனையில் உள்ள பீரங்கியால் சுடுவார்கள், ஹார்பூன் என்ற ஈட்டியின் நுனியில் குண்டு, அது உடம்புக்குள் போய் வெடிக்க வேண்டும். கேட்க நவீனமாக இருக்கிறது. ஆனால் கப்பலும் ஆடுகிறது, மிருகமும் ஓடுகிறது. 2022இல் அந்த நாட்டு உணவு, கால்நடை ஆணையமே சில பயணங்களைக் கண்காணித்து 58 திமிங்கலங்களின் சாவை நேரம் குறித்துப் பார்த்தது. சுமார் 59 சதவீதம்தான் உடனே செத்தவை. மற்றவை சாக எடுத்த நேரத்தின் நடுமதிப்பு பதினொன்றரை நிமிஷம், ஒன்று இரண்டு மணி நேரம் வரை துடித்திருக்கிறது. அறிக்கை 2023இல் வெளியானதும் அமைச்சர் அந்த சீசனில் பாதிக்கும் மேல் வேட்டையை நிறுத்திவைத்தார். கோழிக்கடையில் கத்தியை வைத்து இப்படிப் பதினொரு நிமிஷம் தடவிக்கொண்டிருந்தால் நாம் சும்மா நிற்போமா? இதற்கு எனக்கு ஒரே பதில்தான், இந்த முறையில் கூடாது. எண்ணிக்கை, பாரம்பரியம் எதுவும் இதைச் சரிக்கட்டாது.

கறி எங்கே போகிறது என்பதையும் பாருங்கள், கூடவே என்ன பெயரில் வேட்டை நடக்கிறது என்பதையும். அலாஸ்காவில் அந்தக் கறியை விற்கக் கூடாது, பங்குதான் போடுகிறார்கள். ஜப்பான் பல வருஷம் அண்டார்டிக்கில் "ஆராய்ச்சி" என்று போனது, கறி கடைக்கு வந்தது. ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கில் 2014இல் சர்வதேச நீதிமன்றம், அந்தத் திட்டம் அறிவியல் ஆராய்ச்சிக்காக நடத்தப்பட்டதாக ஏற்க முடியாது என்று 12க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. சுமார் 3,600 மிங்கி திமிங்கலங்களைக் கொன்றதற்கு உருப்படியாக வெளிவந்த ஆய்வுக் கட்டுரை இரண்டுதான். 2019இல் ஜப்பான் ஆணையத்தை விட்டே விலகி, தன் கடலில் வியாபாரத்துக்கென்றே பிடிக்கத் தொடங்கியது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனாலும் ஆராய்ச்சி வேஷத்தைக் கலைத்தார்களே, அது தேவலை.

காட்டு விலங்கு வேட்டைக்கும் இதே கேள்விகள்தான், காசு விஷயம் மட்டும் கூடுதல். 2014இல் அமெரிக்காவில், நமீபியாவின் கறுப்புக் காண்டாமிருகம் ஒன்றைச் சுடும் உரிமை 3,50,000 டாலருக்கு ஏலம் போனது. இனப்பெருக்கம் முடிந்துபோன கிழட்டு ஆண், இளசுகளைக் குத்திக் கொல்லும், பணம் பாதுகாப்புக்குப் போகும் என்றார்கள். வாதம் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடியதில்லை. அந்தப் பணம் எந்தக் கணக்கில் விழுந்தது, பக்கத்துக் கிராமத்துக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நீங்களும் முடிவுக்கு வந்துவிடலாம்.

எதிராளி ஒரு இடத்தில் உங்களைக் கண்டிப்பாக மடக்குவார்: "நீங்க பிராய்லர் சாப்பிடுறீங்களே?" மழுப்பாதீர்கள். ஆறு வாரமும் கொட்டகைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் கோழியைவிடச் சாகும் நாள் வரை கடலில் சுற்றிய பைலட் திமிங்கலம் நன்றாகத்தான் வாழ்ந்திருக்கும். ஆமாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டதால் அந்தப் பதினொரு நிமிஷம் சரியாகிவிடாது, உங்கள் தட்டைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சைவக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

சரி, அந்தப் படத்தை மறுபடி எடுங்கள். முதலில் தேதி. 2021 செப்டம்பர் 12 என்றால், அன்று அங்கே கொன்றது பைலட் திமிங்கலம் இல்லை, 1,428 டால்பின்கள். கூட்டம் எவ்வளவு பெரிது என்று சரியாகக் கணிக்கவில்லை, சட்டென்று முடிக்க ஆள் போதவில்லை. ஃபாரோக்காரர்களிலேயே பலர் கொதித்துப் போனார்கள், அரசும் பிறகு டால்பினுக்கு ஆண்டுக்கு 500 என்று வரம்பு போட்டது. அந்த நாள் படம் என்றால் இந்த விவரத்தோடு தாராளமாக அனுப்புங்கள். வழக்கமான பைலட் வேட்டை என்றால் கதை வேறு. தண்டுவடத்தை ஒரே குத்தில் அறுக்கத் தனி ஈட்டி இருக்கிறது, 2015 முதல் பயிற்சி பெற்றவர் மட்டுமே கொல்லலாம், கறி பெரும்பாலும் இலவசப் பங்கு. அங்கே நான் பிடித்துக்கொள்வது கறியில் இருக்கும் பாதரசத்தை. அந்தக் கறியை இனிமேல் மனிதர் சாப்பிட வேண்டாம் என்று 2008இலேயே அந்தத் தீவுகளின் தலைமை மருத்துவர் பரிந்துரைத்துவிட்டார். அப்புறமும் எதற்கு என்று ஒரு ஃபாரோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், யோசித்துப் பதில் சொல்ல முயல்வார். "மனுஷனா நீ" என்று கேட்டால் பிளாக் செய்துவிடுவார்.