திருகோணமலையில் ஒரு நாள்: வரைகிற நண்பர்கள் கூடுவதற்கான செய்முறை

திருகோணமலைப் பட்டினத்தில் காலையில் கிழக்குக் கடலில் எழும் சூரியனையும் மாலையில் மேற்கே உள்துறைமுகத்தில் இறங்கும் சூரியனையும் நடந்தே போய்ப் பார்த்துவிடலாம். ஊர் ஓர் ஒடுங்கிய நிலத்துண்டின் மேல் இருக்கிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் குன்றுகள் சூழ்ந்த இயற்கைத் துறைமுகம். நேரில் பார்த்து வரையப் பழகுகிறவர்களுக்கு இதைவிட வசதியான ஊரை நான் கண்டதில்லை.

ஆனாலும் முதன்முறை கூடியபோது அந்த வசதியை நாங்கள் பயன்படுத்தவில்லை. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளி, புறாத்தீவு என்று எல்லாவற்றையும் ஒரே நாளுக்குள் அடுக்கினோம். பொழுது முழுவதும் வாகனத்தில் கழிந்தது. பதினொரு பேர் வந்திருந்தோம். முடிந்த படம் ஒன்றுகூட எவரிடமும் இல்லை. அதன் பிறகு மூன்று இடங்களோடு நிறுத்திக்கொண்டோம். இடங்களை நாங்கள் தேர்ந்தெடுப்பதை விட்டு, வெயில் எங்கே விழுகிறதோ அங்கே போகத் தொடங்கினோம். கீழே உள்ள முறை அப்படி உருவானது.

படி 1: நாளைக் குறித்தல்

வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். பெப்ரவரி தொடக்கம் வானம் தெளியும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும். அது மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று, கடதாசியைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகும். அந்த மாதங்களில் வருவதானால் ஆளுக்கு நான்கு கிளிப் வேண்டும். நீர்வர்ணமும் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். ஆகவே ஈரத்தின் மேல் ஈரம் பூசும் முறையைப் புதியவர்கள் அப்போது முயல வேண்டாம்.

போயா (பௌர்ணமி) நாளும் வெள்ளிக்கிழமையும் வேண்டாம். கோயிலுக்குப் போகும் பாதையில் உட்கார இடம் இருக்காது. வழிபட வருகிறவர்களுக்கும் நாம் இடைஞ்சலாக இருப்போம்.

படி 2: ஆட்களும் பொருட்களும்

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அதைத் தாண்டினால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும், புதிதாக வந்தவர் எதிலும் ஒட்டாமல் தனியே நிற்பார். முதன்முறை வருகிற ஒவ்வொருவரையும் பழையவர் ஒருவரோடு சோடி சேர்த்துவிடுங்கள்.

கையளவு வரைபுத்தகம் ஒன்று, 2பி பென்சில் ஒன்று, தண்ணீரில் கரையாத மைப் பேனை ஒன்று. இவ்வளவு போதும். வர்ணம் கொண்டுவருகிறவர்கள் நல்ல தண்ணீரைப் போத்தலில் எடுத்து வாருங்கள். கடல்நீரைத் தொட்டுப் பூசினால் உப்பு கடதாசியில் தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். விரித்து உட்கார ஒரு பழைய துவாய், தலைக்குத் தொப்பி. செலவுக்கு ஆளுக்கு ஒரே தொகை வாங்கி ஒருவரிடமே கொடுத்துவையுங்கள்.

படி 3: விடியலில் டச்சு விரிகுடா

சூரியன் எழுவது ஆறு மணியை ஒட்டி. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிறவர்கள் இரவே புறப்பட்டாலோ, முதல் நாள் வந்து தங்கினாலோ இந்த நேரம் கைக்குக் கிடைக்கும். ஒரு பிளேன்டீயோடு டச்சு விரிகுடாக் கரையில் உட்காருங்கள். வடகிழக்கே கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை கடலுக்குள் நீண்டு தெரியும். அந்த நேரத்து வெளிச்சம் மலையின் பின்பக்கம் விழுவதால் மரமும் பாறையும் கோயிலும் ஒரே கரிய உருவமாகிவிடும். புதியவருக்கு இது நல்ல தொடக்கம். கிளைகளும் வெடிப்புகளும் கண்ணுக்குத் தெரியாததால், வெளிக்கோடு ஒன்றை மட்டும் இழுத்து உள்ளே நிரப்பினால் படம் வந்துவிடும்.

அடுத்து வள்ளங்கள். வள்ளத்தை வரையத் தெரியாமல் தவிக்காதவர் எங்களில் இல்லை. வழி இதுதான்: ஒரு 8ஐப் படுக்கவைத்து நீளமாக இழுத்தபடி வரையுங்கள். ஒரு வளையம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கட்டும். பெரிய வளையத்தின் வெளி நுனியிலிருந்து கீழே ஒரு சாய்கோடு இறக்கி, அடிப்பகுதியை வளைத்துச் சிறிய வளையத்தோடு சேர்த்தால் வள்ளத்தின் உடல் கிடைத்துவிடும். பிறகு 8இன் தேவையற்ற பகுதிகளை அழித்துவிடலாம். கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் ஒருநாள் என் புத்தகத்தை எட்டிப் பார்த்து, அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தை, மிகவும் தட்டையாகப் போட்டிருக்கிறாய் மகள், இப்படி இருந்தால் முதல் அலையிலேயே தண்ணீர் ஏறிவிடும் என்றார். அன்றிலிருந்து அணியத்தைப் பின்பக்கமான கடையாலைவிட உயர்த்தியே வரைகிறேன். அப்படிப்பட்டவர்களிடம் தயங்காமல் கேளுங்கள். ஓவிய வகுப்பில் கிடைக்காத பாடம் அது.

எழும்புமுன் அடிவானம் படத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். மலையேறியதும் தேவைப்படும்.

படி 4: கோட்டையும் மலையுச்சியும்

இடியப்பம், சொதி, சம்பலோடு காலைச் சாப்பாட்டை முடித்து எட்டு மணிக்குள், கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள பிரட்ரிக் கோட்டை வாசலுக்கு வந்துவிடுங்கள். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. காவல் நிற்பவரிடம் வரைபுத்தகத்தைக் காட்டி, எங்கே உட்காரலாம் என்று முதலிலேயே கேளுங்கள். முகாம் கட்டடங்களையும் காவலரண்களையும் வரையவோ படம் பிடிக்கவோ வேண்டாம். துறைமுகப் பக்கத்துக் கடற்படைப் பகுதிக்கும் இதே விதி.

வாசலில் அவசரப்படாதீர்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே 1624இல் இங்கே கோட்டை எழும்பியது. பின்னர் ஒல்லாந்தர் கையில் இருந்து, ஆங்கிலேயர் பிடித்து, 1803இல் இன்றைய பெயரை வைத்தார்கள். வாசல் கல்லில் தேய்ந்த தமிழ் எழுத்துகளும் இணைக்கயல் சின்னமும் இன்னும் இருக்கின்றன. அனுமதி கிடைத்தால் முழு வாசலையும் விட்டுவிட்டு அந்த இரண்டு மீன்களை மட்டும் வரையுங்கள். சின்னப் படம், கால் மணி நேரம். நான் அதை நான்கு முறை வரைந்திருக்கிறேன், இனியும் வரைவேன். கோயிலில் இருந்த கல் எதிரியின் மதிலில் நிற்பதைக் கையால் தொடர்ந்து போகும்போது, வாசித்து அறிந்த வரலாறு வேறு எடையோடு வந்து சேர்கிறது.

உள்ளே ஆலமர நிழலில் புள்ளிமான்கள் நிற்கும். அவை நமக்காக அசையாமல் நிற்கப்போவதில்லை. ஒரு மானுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுக் கோட்டை முதலில் இழுங்கள், பிறகு கழுத்து, கால்கள் கடைசி. ஒரே பக்கத்தில் ஆறு, ஏழு அரைகுறை மான்கள் சேர்ந்தால் அதுவே அழகான பக்கம். உணவுப் பொதியின் பொலித்தீனை மட்டும் பைக்குள் பத்திரமாக வையுங்கள். மான்கள் அதைத் தின்றுவிடும்.

கோயிலருகே செருப்பைக் கழற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் கல் சுடும். கும்பிட்டுவிட்டு, கோயிலுக்கு வெளியே இராவணன் வெட்டுத் தெரியும் இடத்துக்கு வாருங்கள். இராவணன் வாளால் பிளந்ததாக ஊரார் சொல்லும் அந்தப் பிளவு, பாறையில் நெட்டுக்கு விழுந்த இருள்கோடு. கீழே கடல். இப்போது காலையில் வரைந்த பக்கத்தைத் திறந்து பாருங்கள். கரையில் வள்ளங்களுக்குச் சற்று மேலே நின்ற அடிவானம், இங்கே நம்மோடு சேர்ந்து மலையேறி வந்திருக்கும்! அடிவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில்தான் நிற்கும். நான் நூலில் படித்துப் புரியாமல் விட்ட விஷயம் இது. ஒரே காலையில் கடல்மட்டத்திலும் மலையுச்சியிலும் இருந்து வரைந்த பிறகு மறக்கவே இல்லை. இதற்காகவே இரண்டு இடங்களையும் இந்த வரிசையில் வைத்திருக்கிறேன்.

படி 5: நண்பகல்

பதினொன்றிலிருந்து மூன்று வரை வெளியே வரைய வேண்டாம். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். நிழல் இல்லாத மதிலும் மரமும் தட்டையாகத் தெரியும். சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே ஒருவரை ஒருவர் வரையுங்கள். அறிமுகமற்றவர்கள் நண்பர்களாவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

படி 6: மாலையில் உள்துறைமுகம்

நான்கு மணிக்கு உள்துறைமுக வீதியின் கரைக்கு வாருங்கள். கச்சான் கடலையும் இளநீரும் வாங்கிக்கொள்ளலாம். டச்சு விரிகுடாவில் அலை இருந்தது. இங்கே தண்ணீர் பெரும்பாலும் குளம்போல அடங்கிக் கிடக்கும். ஆகவே மாலைக்கான பாடம் பிரதிபிம்பம். வள்ளத்தின் பிம்பம் அதற்கு நேர் கீழே விழும், பக்கவாட்டில் சாயாது. வெள்ளைப் பொருளின் பிம்பம் சற்று மங்கலாகவும், கரிய பொருளின் பிம்பம் சற்று வெளிறியும் தெரியும். எதிர்க்கரைக் குன்றுகளைத் தூரமாகக் காட்ட, பின்னால் போகப்போகச் சாயத்தில் தண்ணீரைக் கூட்டுங்கள்.

வெளிச்சம் போவதற்கு அரை மணி முன்பு எல்லாப் புத்தகங்களையும் துவாயின் மேல் விரித்து வையுங்கள். ஒவ்வொருவரும் தன் பக்கத்து ஆளின் படத்தில் தனக்குப் பிடித்த ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். படத்தின் மூலையில் திகதி, மணி, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தூரத்துப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களின் புத்தகங்களை முதலில் பாருங்கள்.