அடுப்பு வேண்டாம், ஆரஞ்சுத் தோல் போதும்: வீட்டிலேயே புரத உருண்டை

ஆரஞ்சு மணக்கும் உருண்டை செய்யலாம் என்றதும் பலரும் முதலில் பழத்தைப் பிழியத்தான் போவார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஆரஞ்சு வாசனை என்று நாம் சொல்வது சாற்றைவிடத் தோலில்தான் அதிகம். தோலை உரித்து மடக்கினால் சுருக்கென்று ஒரு தூறல் தெறிக்கிறதே, அந்த எண்ணெயில்தான் விஷயம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு லிமோனீன் என்ற வாசனைப் பொருள். சூடு பட்டால் அது சீக்கிரம் ஆவியாகிப் பறந்துவிடும். அதனால் அடுப்பிலேயே ஏற்றாத பண்டத்துக்கு இது நன்றாகவே பொருந்தும்.

சாறு பெரும்பாலும் தண்ணீர்தான். அது அதிகமானால் மாவு சொதசொதவென்று ஆகிவிடும், பிடித்த உருண்டை தட்டில் தளர்ந்து உட்காரும், சீக்கிரமே பூசணமும் பிடிக்கும். ஆகவே இங்கே ஒரே ஒரு விதி: தோலில் தாராளம், சாற்றில் கஞ்சத்தனம்.

அடுப்பில் வேகவைக்காத பண்டம் நமக்குப் புதிதில்லை. மாலாடு செய்யத் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை தெரியும். அதில் நெய்யை உருக்க மட்டும்தான் அடுப்பு. இங்கே நெய்க்குப் பதில் வேர்க்கடலையின் எண்ணெய், சர்க்கரைக்குப் பதில் பெரும்பாலும் பேரீச்சை.

புரதம் எவ்வளவு கிடைக்கும்?

இதைச் செய்யத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. 100 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. அதே அளவு வேர்க்கடலையில் சுமார் 25, எள்ளில் சுமார் 18. பேரீச்சையில் இரண்டு கிராம்தான், அது இனிப்புக்கும் பிடிப்புக்கும் மட்டும். கீழே உள்ள அளவுக்கு மொத்தம் ஏறக்குறைய 50 கிராம் புரதம் வரும். 18 உருண்டை பிடித்தால் ஒன்றுக்கு மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. இரண்டு உருண்டை சாப்பிட்டால் ஒரு முட்டையை நெருங்கலாம், ஆனால் கலோரி முட்டையைப் போல இரு மடங்கு: உருண்டைக்குச் சுமார் 80.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடைக்கு அது 50 கிராம். கணக்குப்படி டப்பா முழுவதையும் காலி செய்தால் அன்றைய புரதம் முடிந்தது. கூடவே 1,400 கலோரிக்கு மேல் உள்ளே போயிருக்கும். இது சாயங்காலப் பசிக்கு, பஜ்ஜிக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாக. சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல.

தேவையானவை (18 உருண்டைக்கு)

- பொட்டுக்கடலை: 100 கிராம் (முக்கால் கப்)
- வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, உப்பில்லாதது: 75 கிராம் (அரை கப்)
- வெள்ளை எள்: 3 மேசைக்கரண்டி
- கொட்டை நீக்கிய, மெத்தென்ற பேரீச்சை: 150 கிராம் (18 முதல் 20 பழம்)
- ஆரஞ்சு: 2
- நன்றாகப் பழுத்த எலுமிச்சை: 1
- நாட்டுச் சர்க்கரை: 1 மேசைக்கரண்டி
- உப்பு: இரண்டு சிட்டிகை
- உலர்ந்த தேங்காய்த்தூள்: உருட்டி எடுக்க, 2 மேசைக்கரண்டி

பொட்டுக்கடலைக்குப் பதில் கடலைமாவு போடலாமா என்றால், கூடாது. கடலைமாவு பச்சைப் பருப்பை அரைத்தது. வேகாமல் சாப்பிட்டால் பச்சை வாசனை அடிப்பதோடு வயிற்றையும் படுத்தும். பொட்டுக்கடலை ஏற்கெனவே சூட்டில் பொரிந்து வந்தது, அப்படியே அள்ளித் தின்னக்கூடியது. எள்ளையும் சும்மா சேர்க்கவில்லை. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னக் கூறுகளால் ஆனது. பருப்பு வகைகளில் அவற்றில் ஒன்றான மெத்தியோனைன் குறைவு. எள்ளில் அது நிறைய. எள்ளில் குறைவான லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் பொட்டுக்கடலையில் உண்டு. இரண்டும் சேரும்போது புரதத்தின் தரம் கூடும். பச்சை எள்ளே போதும், ஆனால் வறுத்த எள் கிடைத்தால் ருசி ஒரு படி மேல்.

படி 1: பழத்தைக் கழுவுவது

தோலைச் சாப்பிடப் போகிறோம் என்பதால் இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். கடையில் பளபளவென்று மின்னும் பழங்களின் மேல் பெரும்பாலும் மெழுகுப் பூச்சு இருக்கும், மருந்தடித்த மிச்சமும் இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, கல்லுப்பை அள்ளித் தோல் முழுக்கத் தேய்த்து, மறுபடி கழுவுங்கள். பிறகு துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரத் தோலைத் துருவினால் துருவல் துருவியிலேயே அப்பிக்கொள்ளும்.

எந்தப் பழம் வாங்குவது? கமலா ஆரஞ்சு மணத்தில் குறைவில்லை, ஆனால் தோல் தொளதொளவென்று இருப்பதால் துருவும்போது நழுவும். சதையோடு ஒட்டிய இறுகிய தோலுள்ள ஆரஞ்சு கிடைத்தால் புதிதாகச் செய்பவர்களுக்கு அதுதான் சுலபம். சாத்துக்குடி இதற்குச் சரிப்படாது. மணம் மங்கல், கசப்பு கூடுதல். எலுமிச்சையில் பச்சைக் காய் வேண்டாம், மஞ்சளாகி வழுவழுப்பாக இருப்பதைப் பொறுக்கி எடுங்கள். பம்பளிமாஸ் பழம் வேண்டாம். கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடு அந்த வகைப் பழங்கள் ஒத்துப்போவதில்லை. வீட்டில் பெரியவர்கள் யாராவது அந்த மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று ஒவ்வொரு முறையும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

படி 2: தோலைத் துருவுவது

உருண்டை நன்றாக வருவதும் வீணாவதும் இங்கேதான். பழத்தை நறுக்குவதற்கு முன், உரிப்பதற்கு முன், முழுதாக இருக்கும்போதே துருவ வேண்டும். காய்த் துருவியில் இஞ்சி துருவும் சன்னமான பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். உடனே பழத்தைத் திருப்புங்கள். மேலே உள்ள நிறமான தோல் மட்டும் வர வேண்டும். அடியில் வெள்ளை தெரிய ஆரம்பித்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வெள்ளைப் பகுதி கசக்கும், அந்தக் கசப்பை எத்தனை பேரீச்சை போட்டாலும் மூடி மறைக்க முடியாது. எலுமிச்சைத் தோல் ரொம்ப மெல்லிசு என்பதால் அதற்கு அழுத்தமே கூடாது, பழம் துருவியின் மேல் லேசாக உரசிப் போனாலே போதும்.

நல்ல துருவி இல்லையா? உருளைக்கிழங்கு சீவும் தோல்சீவியால் பட்டை பட்டையாகச் சீவுங்கள். உள்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளையைக் கத்தி முனையால் வழித்தெடுத்துவிட்டு, பொடியாக நறுக்கி, நாட்டுச் சர்க்கரையோடு மிக்ஸியில் ஒரு சுற்று விடலாம்.

மொத்தம் இரண்டு மேசைக்கரண்டித் துருவல் கிடைத்தால் நிறைவு. அதை ஒரு கிண்ணத்தில் நாட்டுச் சர்க்கரை, உப்போடு போட்டு விரல் நுனியால் கசக்குங்கள். சர்க்கரைப் பரல்கள் தோலின் எண்ணெய்ப் பைகளைக் கீறிவிடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் சர்க்கரை ஈரமாகி, ஆரஞ்சு வாசனை சமையலறையைத் தாண்டிப் போய் யாரையாவது கூட்டிக்கொண்டு வரும். மூடி வைத்துவிடுங்கள். உப்பு கொஞ்சநஞ்சக் கசப்பையும் அமுக்கிவிடும், அதனால் இனிப்புப் பண்டம்தானே என்று அதை விட்டுவிட வேண்டாம்.

படி 3: பேரீச்சையை ஊறவைப்பது

துருவிய ஆரஞ்சில் ஒன்றை நறுக்கி ஒரு மேசைக்கரண்டிச் சாறு, எலுமிச்சையிலிருந்து ஒரு தேக்கரண்டிச் சாறு. மொத்தச் செய்முறையிலும் ஈரம் இவ்வளவே. பேரீச்சையைப் பொடியாக நறுக்கி இதில் பிசறி 15 நிமிடம் வையுங்கள். நறுக்கும்போதே ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். கொட்டை நீக்கியது என்று எழுதிய பாக்கெட்டிலும் ஒரு கொட்டை ஒளிந்திருக்கும், பல்லுக்கும் மிக்ஸிப் பிளேடுக்கும் அது ஆகாது. மிச்சப் பழத்தைச் சாப்பிட்டுவிடுங்கள். தோல் இழந்த ஆரஞ்சு பிரிட்ஜில் சீக்கிரம் காய்ந்துபோகும்.

படி 4: அரைப்பது

எல்லாவற்றையும் ஒரே ஜாரில் கொட்டி ஓடவிடும் ஆசை வரும். சாதாரண வீட்டு மிக்ஸியில் அது நடக்காது. பேரீச்சை பிளேடைச் சுற்றிக்கொண்டு மோட்டாரைத் திணறடிக்கும், மேலே மாவு மாவாகவே நிற்கும். வரிசையாகப் போங்கள்.

முதலில் உலர்ந்த ஜாரில் பொட்டுக்கடலையை நைஸாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு மேசைக்கரண்டி மாவைத் தனியே எடுத்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். அடுத்து வேர்க்கடலையும் எள்ளும்: சுவிட்சை இடப்பக்கம் திருப்பித் திருப்பி விட்டு விட்டு அடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். கொரகொரப்பாக, ஆங்காங்கே பருக்கை தெரிகிற பதம் வேண்டும். கடைசியாக ஊறிய பேரீச்சையைச் சின்ன ஜாரில் விழுதாக்குங்கள். கொஞ்சம் திப்பியாக இருந்தாலும் பாதகமில்லை.

படி 5: பிசைவது, பொறுப்பது, பிடிப்பது

அகலமான பாத்திரத்தில் பொட்டுக்கடலை மாவு, வேர்க்கடலை-எள் பொடி, கசக்கிய தோல்-சர்க்கரை மூன்றையும் முதலில் கலந்துவிட்டு, அதன்மேல் பேரீச்சை விழுதைப் போட்டுக் கையால் பிசையுங்கள். ஆரம்பத்தில் உதிரி உதிரியாக இருக்கும். பயந்து சாற்றை ஊற்ற வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிசைந்தால் கடலையின் எண்ணெய் வெளியே வந்து சேர ஆரம்பிக்கும். பிறகு மூடி 20 நிமிடம் விடுங்கள். பொட்டுக்கடலை மாவு ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும், அதற்குள் பதம் மாறும்.

பதம் பார்க்க, புட்டு மாவைப் பிடித்துப் பார்ப்பது போல ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். விரிசல் இல்லாமல் நின்றால் சரி. கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் எடுத்து வைத்த மாவில் ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேருங்கள். உதிர்ந்தால் அரைத் தேக்கரண்டிச் சாறு தெளித்து மறுபடி பிசையுங்கள், ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள்.

பெரிய நெல்லிக்காய் அளவில், 20 கிராம் வாக்கில் உருட்டி, தேங்காய்த்தூளில் புரட்டி எடுங்கள். பச்சைத் தேங்காய்த் துருவல் வேண்டவே வேண்டாம், மறுநாளே ஊசிப்போகும். ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் உருண்டை இறுகும். ஆனால் உண்மையான ருசி மறுநாள்தான். தோலின் வாசனை எண்ணெயில் கரையக்கூடியது. ராத்திரி முழுக்கக் கடலை எண்ணெயில் ஊறிப் பரவிய பிறகு ஒவ்வொரு கடியிலும் அது தெரியும்.

எத்தனை நாள் வைக்கலாம்?

நம் ஊர் வெயிலில் வெளியே ஒரு நாள். காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜில் ஒரு வாரம். பிரீஸரில் இரண்டு மாதம் வரை தாங்கும். எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு உருண்டையாகக் கொடுக்காமல் கிள்ளிக் கிள்ளிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கலாம். பள்ளிக்கு அனுப்புவதானால் வகுப்பில் கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், பேரீச்சையும் சர்க்கரைதான்.

வே புரோட்டீன் சேர்க்கலாமா?

பால் திரியும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுக்கும் புரதப் பொடி இது. ஜிம்முக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். சேர்க்கலாம். 30 கிராம் பொட்டுக்கடலை மாவைக் குறைத்துவிட்டு, வாசனை எதுவும் சேர்க்காத ஒரு ஸ்கூப் பொடி போட்டால் உருண்டைக்கு ஏறக்குறைய ஒரு கிராம் புரதம் கூடும். அதற்காகக் கொடுக்கும் விலை, நாளாக ஆக உருண்டை கல் மாதிரி இறுகுவது. மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவீர்கள் என்றால் செய்யுங்கள். வெனிலா, சாக்லேட் வாசனை போட்ட பொடியானால், இவ்வளவு பாடுபட்டுத் துருவிய தோல் வீண்.

இனிப்பு பிடிக்காதவர்களுக்கு

எலுமிச்சை, நார்த்தை இலைகளை மிளகாயோடு இடித்துச் செய்யும் வேப்பிலைக் கட்டி தெரியுமில்லையா, அந்த வழியில் ஒரு கார உருண்டை. நார்த்தைக் கொழுந்து இலை பத்து, எலுமிச்சை இலை பத்து. நடு நரம்பைக் கிழித்தெடுத்துவிட்டு, கழுவி நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். இதை ஒரு காய்ந்த மிளகாய், அரைத் தேக்கரண்டி ஓமம், பெருங்காயத்தூள், உப்போடு பொடியுங்கள். 100 கிராம் பொட்டுக்கடலை மாவில் கலந்துகொள்ளுங்கள். 100 கிராம் வேர்க்கடலையை இந்த முறை தயங்காமல் எண்ணெய் விடும்வரை அரைத்துச் சேருங்கள், ஏனென்றால் இங்கே பிடிப்புக்குப் பேரீச்சை இல்லை. ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, தேவைப்பட்டால் கொஞ்சம் நல்லெண்ணெய். உருண்டை சின்னதாக, கோலிக்குண்டு அளவில் இருக்கட்டும், காரம் ஏறும். சாயங்காலக் காபியோடு சாப்பிடலாம், மிஞ்சினால் மோர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம்.