பிரஸ்ஸாவில் நகருக்குப் போகிறீர்களா? எதிர்க்கரைக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்

பிரஸ்ஸாவில் என்பது காங்கோ குடியரசின் தலைநகர். ஆற்றுக்கு எதிர்க்கரையில் தெரிவது கின்ஷாசா, அது காங்கோ ஜனநாயகக் குடியரசு என்ற வேறொரு நாட்டின் தலைநகர். நடுவே காங்கோ ஆறு மட்டும்தான், பாலம் கிடையாது. படகில்தான் கடக்க வேண்டும்.

கண்ணுக்கு எட்டும் தூரம்தானே என்று சும்மா கிளம்பிவிடாதீர்கள். இரண்டு நாட்டுக்கும் தனித்தனி விசா வேண்டும். திரும்பி வருவதாக இருந்தால், காங்கோ குடியரசின் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்கட்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழையும் கையிலேயே வைத்திருங்கள். அப்புறம், காலையிலேயே துறைக்குப் போய்விடுங்கள்; குடியேற்றச் சோதனை ஆற்றைக் கடப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

பணமும் வேறு: இங்கே சிஎஃப்ஏ பிராங்க், அங்கே காங்கோ பிராங்க். கின்ஷாசாவில் அமெரிக்க டாலரும் செல்லும், ஆனால் கிழிந்த நோட்டை வாங்க மாட்டார்கள்.