பதின்ம வயதுப் பிள்ளைகளுடன் சுந்தரவனப் படகுப் பயணம்: வேலூர்ப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகளைப் பார்த்தும், லாட்ஜ் வாசல்களில் அந்த மொழியைக் கேட்டும் வளர்கிற நம் பிள்ளைகளுக்கு, அம்மொழி பேசும் மேற்கு வங்க மாநிலத்துத் தென்கோடியில் சுந்தரவனம் என்னும் அலையாத்திக் காடு இருப்பதும், அங்கே சிறு படகிலேயே இரண்டு இரவுகள் தங்கிக் காட்டுயிர்களைப் பார்க்கலாம் என்பதும் பெரும்பாலும் தெரிவதில்லை. என் மகனுக்குப் பதினாறு வயதும் மகளுக்குப் பதின்மூன்று வயதும் ஆனபோது நாங்கள் அங்கே போனோம். பிறகு உறவினர் குடும்பங்கள் சிலவற்றுக்கும் நானே ஏற்பாடு செய்து கொடுத்தேன். அப்போது நான் செய்ததும் கண்டதுமான தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, புலியைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுப்பது. இந்தியப் பகுதிச் சுந்தரவனத்தில் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 100 புலிகள் இருக்கின்றன. அவை நடமாடும் காடோ 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. பயணிகளின் படகு போகக்கூடியது சில ஆறுகளிலும் ஓடைகளிலும் மட்டுமே. கரையோரத்து ஹேந்தால் என்னும் குட்டை ஈச்சம்புதருக்குள் புலி படுத்திருந்தால், காய்ந்த ஓலைக்கும் அதன் வரிகளுக்கும் வேறுபாடு தெரியாது. எங்களுக்கு ஏற்பாடு செய்த தரகர் புலி நிச்சயம் என்று சொன்னதை நான் அப்படியே வீட்டில் சொன்னேன். அதனால் முதல் நாள் முழுவதும் என் மகன் முதலையையும் மீன்கொத்தியையும் ஏறெடுத்தும் பார்க்காமல், மாலையில் பேச்சையே நிறுத்திவிட்டான். சிறு குழந்தைக்கு ஏமாற்றம் ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும். பதினாறு வயதுப் பையனோ அதைத் தன்னிடம் பொய் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறான்.

மறுநாள் அவனை மீட்டது வழிகாட்டி சொன்ன ஒரு செய்தி. தேனெடுக்கவும் மீன் பிடிக்கவும் போகும் அப்பகுதி மக்கள், காட்டுக்குள் புலியின் பெயரைச் சொல்லாமல் ‘மாமா’ என்றே குறிப்பிடுகிறார்கள் என்றும், இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாகப் போன்பீபி என்னும் வனதேவதையை வேண்டிக்கொண்ட பிறகே காட்டில் கால் வைக்கிறார்கள் என்றும் அவர் விளக்கினார். புலி கண்ணில் படாமலேயே அந்த மண்ணின் வாழ்க்கை முழுவதிலும் இருக்கிறது என்பது அவனுக்குப் புரிந்தது. ஆகவே புறப்படும் முன்பே, புலியைப் பார்க்காமல் திரும்புவதற்கே வாய்ப்பு அதிகம் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். காணக்கூடியவற்றை அதற்குப் பதிலாகச் சொல்லலாம்: குளிர்காலத்தில் சேற்றுக் கரையில் வெயில் காயும் உவர்நீர் முதலைகள், நீர் உடும்பு, புள்ளிமான், ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டிக் காட்டும் ஆண் நண்டுகள், மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் கண்டல் விதைகள். சிதம்பரத்தின் தலமரமான தில்லை அங்கே கேவா என்ற பெயரில் செழித்து வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால், இலையைக் கிள்ளிப் பார்க்கும் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டாவது, நம் பள்ளிக்கூடத்து விடுமுறையை மட்டும் பார்த்து மாதத்தைத் தீர்மானிப்பது. மே மாதத்தில் வேலூர் வெயிலுக்குத் தப்பியோடும் எண்ணம் எல்லோருக்கும் வரும். ஆனால் வங்கக் கடலில் புயல் உருவாகும் காலங்களில் மே மாதமும் ஒன்று. 2009இல் அய்லா, 2020இல் ஆம்பன் ஆகிய இரண்டு புயல்களும் மே மாதத்தில்தான் சுந்தரவனத்தைச் சிதைத்தன. பொங்கல் விடுமுறையும் பொருந்தாது: அதே மகர சங்கராந்திக்குக் கங்காசாகர் மேளா நடப்பதால் கொல்கத்தாவின் ரயில்களும் சாலைகளும் நிரம்பி வழியும். டிசம்பர் 25ஆம் தேதியும் புத்தாண்டும் உல்லாசப் பயணிகளின் நாள்கள். ஒலிபெருக்கி வைத்த படகுகளுக்கு நடுவே பறவை எங்கே நிற்கும்? அரையாண்டு விடுமுறையில் இவற்றுக்கு இடைப்பட்ட வார நாள்கள் ஓரளவு நன்று. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளாக இருந்தால் நவம்பர் கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ பள்ளிக்குச் சில நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போவதே மேல் என்பது என் கருத்து.

ரயில் டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் கூடாது. காட்பாடியிலிருந்து ஹௌராவுக்குப் போகும் ரயில்களில் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் நோயாளிகளின் கூட்டம் ஆண்டு முழுவதும் உண்டு. முன்பதிவு தொடங்கும் 60ஆவது நாளிலேயே எடுத்துவிட வேண்டும். வனத்துறை அனுமதிக்காகப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.

நீரின் ஏற்றவற்றத்தை அறியாமல் போவது, சொல்லப்போனால், பயணத்தின் பாதியை இழப்பதற்குச் சமம். ஆற்றில் தண்ணீர் ஓடுவதையே ஆண்டில் சில வாரங்கள்தான் பார்க்கிற பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு, ஒரே நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும் ஆறு முற்றிலும் புதியது. நீர் ஏறுவதை ஜோவார் என்றும் வற்றுவதை பாட்டா என்றும் படகோட்டிகள் சொல்கிறார்கள். ஏற்றத்தின்போது தண்ணீர் மரங்களின் இடுப்புவரை வந்துவிடுவதால் கரையே தெரியாது. வற்றும்போதுதான் சேற்றுத் திட்டுகள் வெளிப்பட்டு, முதலையும் நண்டும் கொக்கும் கண்ணுக்குப் படும். அந்த நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். இதைப் பெரியவர்கள் கணக்கிட்டுச் சொல்வதைவிடப் பிள்ளைகளின் பொறுப்பில் விடுவது நல்லது. இரண்டாம் நாள் என் மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, படித்துறைக் கம்பத்தில் நீர் நின்ற மட்டத்தையும் நேரத்தையும் குறிக்கச் சொன்னோம். மாலைக்குள் அடுத்த வற்றம் எப்போது என்று எங்களுக்குச் சொல்கிறவளாக அவளே ஆகிவிட்டாள். பதின்ம வயதினருக்குப் படகில் உண்மையான வேலை ஒன்று வேண்டும். வேலையில்லாமல் உட்காரவைத்துவிட்டு, அவர்களுக்கு ஆர்வமில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

அடுத்தது உயிரோடு விளையாடும் தவறு. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் விவசாயக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். கிணற்று நீருக்கு இழுப்பு கிடையாது. சுந்தரவனத்து ஆற்றிலோ மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கடியில் ஏற்றவற்றத்தின் வேகமும், காலை உள்ளிழுக்கும் சேறும், முதலைகளும் இருக்கின்றன. அங்கே நீரில் இறங்கக் கூடாது. கையை நனைக்கவும் தொங்கவிடக் கூடாது. சிறுவர்களுக்கு உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்டு, ‘இவன் பெரியவன்’ என்று மூத்தவனை விட்டுவிடும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். ஆபத்து அவனுக்குத்தான் கூடுதல். படகுக்கும் படித்துறைக்கும் இடையே போடும் பலகை, வற்றத்தின்போது சரிவாகவும் சேறு படிந்தும் இருக்கும். அதில் நடக்காமல் தாவ நினைப்பது அந்த வயதினரே. சஜ்னேகாலி, சுதன்யாகாலி, தோபாங்கி போன்ற காவல் கோபுரங்களில் வேலிக்குள் மட்டுமே கரையிறங்க முடியும் என்பதையும் அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெண் பிள்ளைகளின் மாதவிலக்கைப் பற்றிப் பேசாமலே கிளம்புவது பல வீடுகளில் நடக்கிறது. நாள் தவறியும் வரலாம் என்று எண்ணித் தேவையானவற்றை எடுத்து வைக்க வேண்டும். பயன்படுத்திய நாப்கினைப் படகின் கழிப்பறையிலோ ஆற்றிலோ போடக் கூடாது; காகிதத்தில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வைத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் விளக்கு எரியுமா, அவளுக்குத் தாயோடு தனி அறை கிடைக்குமா என்பவற்றை முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். அவள் கூச்சத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டால் மூன்று நாளும் அவளுக்கு வேதனைதான்.

கைபேசியைப் பிடுங்கி வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. காட்டுக்குள் போகப் போக சிக்னல் தானே போய்விடும். அதை முன்கூட்டிச் சொன்னால் போதும். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியையும் அதன் இந்தியத் தொகுப்பையும் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டால் படகில் இணையம் இல்லாமலே பயன்படும். ஆனால் பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிக்கவிட அனுமதிக்காதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு முன்னேற்பாடு எளிது. மருத்துவமனையைச் சுற்றியுள்ள பெங்காலி ஓட்டல் ஒன்றில் ஒருநாள் பிள்ளைகளைச் சாப்பிட வையுங்கள். கடுகெண்ணெய் மணம் பழகிவிட்டால் படகில் பட்டினி கிடக்க மாட்டார்கள். முறுக்கையும் சிப்ஸையும் பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில் மூட்டை கட்டாதீர்கள். புலிகள் காப்பகத்துக்குள் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு, எவர்சில்வர் டப்பா போதும். ஏலகிரிக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டரை இதற்கும் எடுத்துவையுங்கள், ஏனெனில் விடியற்காலை ஆற்றுக் காற்று கடுமையாகவே இருக்கும்.

கடைசியாக, படகிலிருந்து இறங்கிய அன்றே ஹௌராவில் ரயிலேறத் திட்டமிடாதீர்கள். கொத்காலி படித்துறையிலிருந்து கொல்கத்தா ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சாலையில் மூன்று மணி நேரமாவது பிடிக்கும். படகு படித்துறையை அடைவதே நீரின் போக்கைப் பொறுத்தது. அன்றிரவு கொல்கத்தாவில் தங்கிவிட்டு மறுநாள் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தால், கடைசிக் காலை வற்றத்தையும் பிள்ளைகள் அவசரமில்லாமல் மேல்தளத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.