குழந்தை உழைப்பில் உருவான பொருளைப் புறக்கணிக்க அழைப்பு வந்தால் எப்படி முடிவெடுப்பது?

ஏழை நாடொன்றில் குழந்தைகளை வேலைவாங்கித் தயாரித்த பொருளை வாங்காதீர்கள் என்று அழைப்பு வரும்போது, கையெழுத்திடுவதற்கு முன் சில விவரங்களைத் தேடிப் பார்ப்பது நம் கடமை. நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நம் முடிவின் விளைவை முதலில் சுமக்கப்போகிறவர்கள் அந்தக் குழந்தைகள்தாம்.

முதலில், குழந்தையை அந்த வேலையில் இருத்தியிருப்பது யார் என்பதைக் கண்டறியுங்கள். மற்ற எல்லாம் இந்த ஒரு விடையைப் பொறுத்தே அமையும். உஸ்பெகிஸ்தானில் பருத்தி எடுக்கும் பருவத்தில் பள்ளி மாணவர்களை வயலுக்குத் திரட்டியது அரசே. இவ்வளவு பருத்தி வர வேண்டும் என்று மேலிடம் இலக்கு வகுத்தது. அதை நிறைவேற்றும் பொறுப்பு உள்ளூர் அதிகாரிகள் வழியாகப் பள்ளிகள் வரை இறங்கியது. ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கும் அரசின் பிடியிலேயே இருந்தது. ஆகவே 300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைத் தெரிந்தே வாங்க மாட்டோம் என்று உறுதியளித்தபோது, அடி கட்டாயப்படுத்தியவருக்கு நேராக விழுந்தது. வயலிலிருந்து வகுப்பறைக்குத் திரும்பிய பிள்ளையின் வீட்டில் அதனால் அடுப்பு அணையவில்லை. 2016இல் ஆட்சி மாறியதும், உள்நாட்டு மனித உரிமை ஆர்வலர்கள் துணிந்து வயல்களைக் கண்காணித்து வந்ததும் இந்த வெற்றியில் பெரும்பங்கு வகித்தன. 2021 அறுவடையில் அரசின் திட்டமிட்ட கட்டாய உழைப்பு முடிவுக்கு வந்துவிட்டது உறுதியானபின், 2022 மார்ச்சில் புறக்கணிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது.

குடும்பத்தின் வறுமை குழந்தையை வேலைக்கு அனுப்பியிருந்தால் கதை வேறு. வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிலில் நடந்ததை, இத்தகைய அழைப்புகளை எழுதும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைகள் உழைப்பில் உருவான பொருள்களின் இறக்குமதியைத் தடைசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த மசோதா கடைசிவரை சட்டமாகவே இல்லை. ஆனால் பெரிய சந்தையை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில், 1993இல் டாக்காவின் ஆலை முதலாளிகள் குழந்தைகளை வெளியேற்றத் தொடங்கினர். வெளியேற்றப்பட்டோர் 50,000 பேர் வரை இருக்கலாம் என்று யுனிசெஃப் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் சிறுமிகள். அவர்களைத் தேடிச் சென்றவர்கள் பலரைக் கல் உடைக்கும் இடங்களிலும் தெருக்களிலும் கண்டார்கள். சிலர் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்பட்டிருந்தார்கள். தையல் ஆலையைவிடக் கொடிய இடங்கள் இவை. ஆலை வாசல் மூடிய அன்று பள்ளி வாசல் திறந்திருக்கவில்லை என்பதே இந்தத் துயரத்தின் காரணம்.

அதே டாக்காவில் 1995 ஜூலை 4 அன்று ஆடை ஏற்றுமதியாளர் சங்கமும் யுனிசெஃப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 14 வயதுக்குட்பட்டவரைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது; ஏற்கெனவே இருப்பவர்களைப் பள்ளியில் இடம் கிடைக்கும் வரை நீக்கக் கூடாது; பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு மாதம் 300 டக்கா (வங்கதேச நாணயம்) உதவித்தொகை; நீக்கப்படும் குழந்தையின் குடும்பத்தில் தகுதியுள்ள பெரியவருக்கு வேலை. வெளிநாட்டு அழுத்தம் இல்லாதிருந்தால் முதலாளிகள் இந்த மேசைக்கு வந்திருப்பார்களா என்பது ஐயமே. அந்த வகையில் அழுத்தத்துக்குப் பயன் உண்டு. ஆனால் இந்த ஏற்பாடு இரண்டு ஆண்டுகள் பிந்தி வந்தது.

எனவே அடுத்தபடியாக, அழைப்பை வரிவரியாகப் படித்து, வேலையிலிருந்து நீக்கப்படும் குழந்தைக்கு மறுநாள் என்ன ஏற்பாடு என்று அதில் சொல்லியிருக்கிறதா எனப் பாருங்கள். பெரியவர்களின் வேலை என்னவாகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பாகிஸ்தானின் சியால்கோட்டில் கால்பந்து தைப்பது வீட்டு வேலையாக இருந்தது. 1997இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் கையெழுத்தான உடன்படிக்கைக்குப்பின், குழந்தைகளைத் தவிர்ப்பதற்காக அது கண்காணிக்கப்படும் தையல் மையங்களுக்கு மாற்றப்பட்டது. வீட்டை விட்டு வெளியே சென்று வேலை செய்ய இயலாத பெண்கள் பலர் தங்கள் வருமானத்தை இழந்தார்கள். 2006இல் நைக்கி நிறுவனம் அங்கே பெரிய உற்பத்தியாளரான சாகா ஸ்போர்ட்ஸுடன் உறவை முறித்தபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பு ஆட்டங்கண்டது. தாயின் கூலி நின்றால் பிள்ளையின் படிப்பும் நிற்கும்.

அந்தப் பொருள் உண்மையில் ஏற்றுமதியாகிறதா என்பதையும் விசாரியுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப்பும் 2024ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, உலகில் குழந்தை உழைப்பில் சிக்கியிருப்போர் சுமார் 13.8 கோடிப் பேர். அவர்களில் 61 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருக்கிறார்கள். பெரும்பாலும் சொந்தக் குடும்ப நிலத்தில், கூலியின்றி வேலை செய்யும் இவர்களை வெளிநாட்டுக் கடை அலமாரியில் எடுக்கும் முடிவு எட்டுவதே அரிது. நம் சிவகாசித் தீப்பெட்டியும் பட்டாசும் பெரிதும் உள்நாட்டுச் சந்தைக்கே போயின. அங்கே மாற்றத்துக்கு வேறு கருவிகள் தேவைப்பட்டன: சட்டம், பள்ளி, மதிய உணவு, நீதிமன்றம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், விதியை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றும், அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் அந்த நிதிக்குத் தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. டாக்கா உடன்படிக்கையும் இந்தத் தீர்ப்பும் ஒரே இடத்தில் கை வைத்திருப்பதைக் கவனியுங்கள்: இரண்டுமே குழந்தையின் வருமானத்துக்கு மாற்றைக் குடும்பத்துக்குள்ளேயே தேடின.

வணிகம் பெருகி அதன் பயன் பெற்றோரைச் சென்றடைந்தால், குழந்தை உழைப்பு தானே குறையவும் கூடும். 1990களில் வியட்நாம் அரிசி ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் உள்நாட்டில் அரிசி விலை ஏறியது. நெல் விளைவித்த குடும்பங்களின் பிள்ளைகள் வேலை செய்வது கணிசமாகக் குறைந்தது.

வாங்கும் பொருளைத் தேர்ந்தெடுக்க முத்திரைகளும் உதவும். கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் 1994இல் கம்பளங்களுக்காகத் தொடங்கி இன்று குட்வீவ் என்று அறியப்படும் முத்திரை அவற்றுள் ஒன்று. முத்திரை எதுவானாலும், அதை வழங்குபவர்கள் முன்னறிவிப்பின்றித் தறிகளைச் சோதிக்கிறார்களா, மீட்ட குழந்தையைப் படிக்கவைக்கிறார்களா என்ற இரண்டையும் பார்த்து நம்புங்கள்.

இவ்வளவும் பார்த்தபின், வாங்குவதை நிறுத்தும் முன் நிறுவனத்துக்கு எழுதுங்கள்; தனியாக எழுதுவதைவிடப் பத்துப் பேராக எழுதுவது நல்லது. துணை ஒப்பந்தக்காரர்கள் உட்பட எல்லா உற்பத்தி இடங்களின் பட்டியலையும் வெளியிடச் சொல்லுங்கள். ஓரிடத்தில் குழந்தை வேலை செய்வது தெரியவந்தால் கொள்முதலை வெட்டிவிட்டு ஓடாமல், குழந்தையின் படிப்புச் செலவையும் உதவித்தொகையையும் ஏற்று, வீட்டுப் பெரியவருக்கு வேலை தரும்படி கேளுங்கள். பெரியவர்களின் கூலியில் குடும்பம் நடக்கும் அளவுக்குக் கொள்முதல் விலை தருகிறார்களா என்று கேளுங்கள். விடையே வராவிட்டாலோ, அடித்தும் கட்டிப்போட்டும் வேலைவாங்குவது போன்ற அடிமைத்தனம் தெரியவந்தாலோ, புறக்கணிப்பில் சேருவதில் எனக்குத் தயக்கமில்லை. அப்போதும், எந்த நிபந்தனை நிறைவேறினால் புறக்கணிப்பு விலக்கப்படும் என்று அழைத்தவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த நிபந்தனைகளில் குழந்தைக்கான ஏற்பாடு இடம்பெறவில்லை என்றால், அதைச் சேர்க்கும் வரை கையெழுத்திடாதீர்கள்.