கல்லூரி நடத்தும் ஹோட்டலைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் சென்னையில் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் கல்லூரி தேடும் பெற்றோர், "எங்கள் வளாகத்திலேயே சொந்த ஹோட்டல் இயங்குகிறது" என்ற வரியைக் கண்டதும் பெரும்பாலும் அங்கேயே மனநிறைவு அடைந்துவிடுகிறார்கள். அந்த வரி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கல்லூரிக்கு ஹோட்டல் இருப்பது வேறு, அந்த ஹோட்டல் மாணவருக்குத் தொழில் கற்றுத் தருவது வேறு. இரண்டில் எது நடக்கிறது என்பதை முதல்வர் அறையில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே, கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் அந்த ஹோட்டலுக்கு விருந்தினராகப் போய், காசு கொடுத்துச் சாப்பிட்டு, முடிந்தால் ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள் என்றே என்னிடம் கேட்பவர்கள் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

இந்தப் படிப்பே ஹோட்டலுக்குள்தான் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1893-ஆம் ஆண்டு தொடங்கிய ஹோட்டல் பள்ளி, ஊஷி என்னும் ஏரிக்கரைப் பகுதியில் இருந்த ஒரு ஹோட்டலின் அறைகளில் 27 மாணவர்களுடன் முதல் வகுப்பை நடத்தியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1922-இல் இப்படிப்பைத் தொடங்கியது. இன்று அதன் வளாகத்திலேயே ஸ்டாட்லர் ஹோட்டல் விருந்தினர்களை ஏற்று நடக்கிறது. நம் பக்கத்து மாநிலத்தில், மணிப்பாலில், கல்லூரியும் ஹோட்டலும் அருகருகே இருக்கின்றன. சென்னையில் தரமணியில் உள்ள மத்திய அரசு நிறுவனம் போன்றவற்றில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் மாணவர்களுக்குப் பயிற்சிச் சமையற்கூடமும் பயிற்சி உணவகமும் உண்டு. அதற்குமேல் வெளி ஹோட்டல்களில் தொழிற்பயிற்சியும் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சொந்த ஹோட்டல் உள்ள கல்லூரி இவற்றுக்கு மேலாகத் தரக்கூடியது ஒன்றுதான்: காசு கொடுத்து வந்த உண்மையான விருந்தினர் முன்னால் மாணவர் தவறு செய்யும்போது, அதைத் திருத்தும் ஆசிரியர் மூன்றடி தூரத்தில் நிற்பது. அது கிடைக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

கல்லூரி திறந்திருக்கும் பருவத்தில், முகூர்த்தமில்லாத ஒரு வாரநாள் மதியத்தைத் தேர்ந்தெடுங்கள். முகூர்த்த நாளில் எந்த ஹோட்டலும் தன் இயல்பில் இருக்காது. விடுமுறையில் போனால் மாணவர்களே இருக்க மாட்டார்கள். கல்லூரியில் சேர்க்கை விஷயமாக வந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டே காலுக்குப் போய், சமையலறைக் கதவு கண்ணில் படும் மேசையைக் கேட்டு உட்காருங்கள். பரிமாறத் தொடங்குவதற்கு முன் நடக்கும் பிரீஃபிங் தூரத்திலிருந்து தெரிந்தாலும் போதும்: மாணவர்கள் வரிசையாக நிற்க, ஒருவர் நகங்களையும் காலணிகளையும் பார்த்துக்கொண்டே வந்து, அன்றைய மெனுவில் எது தீர்ந்துவிட்டது, எதில் நிலக்கடலை சேர்ந்திருக்கிறது என்று கேட்பார். கேள்வி மாணவர்களை நோக்கிப் போகிறதா, அல்லது அவரே எல்லாவற்றையும் சொல்லிக் கலைத்துவிடுகிறாரா என்பதைக் கவனியுங்கள். கேட்கும் இடத்தில்தான் கற்பித்தல் நடக்கிறது.

பிறகு மீல்ஸ் சொல்லுங்கள். ஒருமுறை நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது, முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் சாம்பார்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு துளி வழிந்து அடித்தட்டில் வட்டமாகப் படிந்திருந்தது. பாதி வழியில் நின்றிருந்த ஆசிரியர் அவரைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. தம் கையிலிருந்த மடித்த துணியைச் சற்றே உயர்த்திக் காட்டினார். அந்த மாணவி பக்கவாட்டு மேசைக்குத் திரும்பி, அடித்தட்டையே மாற்றிக்கொண்டு வந்து, வலப்புறமாக வைத்தார். மொத்தம் பத்து வினாடிகள் ஆகியிருக்காது. அந்தக் கல்லூரியைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதில் பாதி அந்தப் பத்து வினாடிகளில் தெரிந்துவிட்டது. உங்கள் மேசைக்கு வரும் மாணவர் தடுமாறுவதைக் குறையாக நினைக்காதீர்கள். தடுமாறும்போது அருகே யாருமே இல்லை என்றால் அதுதான் குறை.

பஃபே இருந்தால், சாஃபிங் டிஷ் எனும் உணவைச் சூடாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் திறக்கும்போது ஆவி வருகிறதா என்று பாருங்கள். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி வெகுநேரம் நிற்கக் கூடாது; நம் ஊர் வெக்கையில் இது ஏட்டுப் பாடமாக இருந்தால் போதாது. வெப்பமானியைக் குத்திப் பார்த்துத் தாளில் எழுதும் வேலை மாணவர் கையில் இருக்கிறதா என்று பரிமாறுபவரிடமே விசாரிக்கலாம். உண்மையில் செய்பவர் உடனே விடை சொல்லிவிடுவார். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரவு தங்குவது செலவுதான். ஆனால் மூன்றாண்டுக் கட்டணத்துடன் ஒப்பிட்டால் சிறிய தொகை. அறைக்குள் போனதும் படுக்கை விரிப்பின் கால்மாட்டு மூலையைத் தூக்கிப் பாருங்கள். கடித உறை போலச் சரிவாக மடித்துச் செருகியிருந்தால் யாரோ முறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் வெளியே போகும்போது மேசைமேல் ஒரு கைப்பேசி எண் எழுதிய துண்டுத்தாளையும், தலையணை அருகே உங்கள் மூக்குக்கண்ணாடியையும் விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது தாள் குப்பைக்குப் போகாமல் அங்கேயே இருந்து, கண்ணாடி மட்டும் பத்திரமாக மேசைக்கு மாறியிருந்தால், பயிற்சிக்கென வைத்திருக்கும் ஆளில்லாத அறையில் மட்டும் பழகாமல், மனிதர்கள் வாழும் அறையில் பழகிய கைகள் அவை.

இனி ஒரு கணக்கு. இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ஹோட்டலில் 20 அறைகள் இருப்பதாகவும், சராசரியாக 12 அறைகளில் ஆள் இருப்பதாகவும் கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் 60 மாணவர்கள். நாளுக்கு ஆறு பேர் ஹவுஸ்கீப்பிங்கில், அதாவது அறைப் பராமரிப்பில், நின்றால் ஒருவருக்கு இரண்டு அறைகள், மறுமுறை அவர் வருவது பத்து வேலைநாள்கள் கழித்து. ஒரு செமஸ்டரில் 90 வேலைநாள்கள் என்றால் ஒன்பது முறை, பதினெட்டு அறைகள். பெரிய ஹோட்டலில் ஒரு ரூம் அட்டெண்டண்ட் ஒரே ஷிஃப்டில் ஏறத்தாழ 14 அறைகளை முடிக்கிறார். அதாவது, ஒரு செமஸ்டரின் பயிற்சி ஒன்றேகால் நாள் வேலைக்குச் சற்றே அதிகம். அறைகள் குறைவாகவும் மாணவர்கள் அதிகமாகவும் இருக்கும் கல்லூரியில் இது இன்னும் தேய்ந்துபோகும். எனவே அறைகள் எத்தனை, சராசரியாக எத்தனை நிரம்புகின்றன, வகுப்பில் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் கேட்டுவாங்குங்கள். அத்துடன் மாணவர்களை ஒருநாள் விட்டு ஒருநாள் அனுப்புகிறார்களா, தொடர்ந்து இரண்டு மூன்று வாரங்கள் ஒரே துறையில் நிறுத்துகிறார்களா என்றும் கேளுங்கள். தொடர்ந்து நிறுத்துவதே நல்லது. திங்கட்கிழமை செய்த தவறு செவ்வாய்க்கிழமை மறக்காமல் இருந்தால்தான் திருந்தும்.

அங்கே யார் வந்து தங்குகிறார்கள் என்பதும் முக்கியம். சென்னைக்கு மருத்துவமனை வேலையாக வரும் வங்காளக் குடும்பங்கள் உண்டு, நந்தம்பாக்கம் கண்காட்சிக்கு வரும் வியாபாரிகள் உண்டு, ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வரும் கொரியரும் ஜப்பானியரும் உண்டு. நோயாளிக்கு உப்பில்லாக் கஞ்சி கேட்டு இரவு பதினொன்றரைக்கு வரும் அழைப்பை எடுத்த மாணவருக்கு, ரூம் சர்வீஸ் என்றால் என்ன என்று எந்த வகுப்பும் அதற்குமேல் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்லூரியின் சொந்த விருந்தினர்களும் தேர்வு நடத்த வரும் பேராசிரியர்களும் மட்டுமே தங்கும் இடமென்றால், அதை விருந்தினர் இல்லம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களிடம் பேசும் வாய்ப்பை, வளாகத்துக்கு வெளியே உள்ள டீக்கடையில் தேடுங்கள். நான் படித்த இடத்திலும் ஹோட்டல் இருந்தது. முதல் ஆண்டில் தொடர்ந்து மூன்று மாதங்கள் பாத்திரம் கழுவும் பகுதியில் என்னை நிறுத்தினார்கள். நிரந்தர ஊழியர் இருவர் விலகியிருந்தார்கள் என்பதே காரணம். பாத்திரம் கழுவுவதில் இழிவு இல்லை, ஒவ்வொரு சமையற்காரரும் அதைக் கற்றே ஆக வேண்டும். ஆனால் அதற்கு இரண்டு வாரம் போதும். மீதி பத்து வாரங்கள் என் படிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை, அதற்குக் கட்டணமும் என் தந்தையே கட்டினார். ஆகவே மாணவர்களிடம் இதைக் கேளுங்கள்: "போன மாதம் எந்தெந்தத் துறையில் நின்றீர்கள், லாக் புக்கில் யார் கையெழுத்துப் போட்டார், ஓ.டி.சி.க்கு எத்தனை நாள் போனீர்கள்?" ஓ.டி.சி. என்பது வெளியிடங்களுக்குப் போய் விருந்து பரிமாறும் வேலை. கல்யாண மண்டபங்களுக்கு அப்படிப் போய்க் கைச்செலவுக்குச் சம்பாதிப்பது சென்னை மாணவர்களுக்கு வழக்கமே. வகுப்பு நேரத்தில் கல்லூரியே அனுப்பி, அந்தப் பணம் மாணவர் கைக்கு வராமல் போவது வேறு விஷயம்.

மகளைச் சேர்க்கும் பெற்றோர் இரவு ஷிஃப்டைப் பற்றிக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். பெண்கள் இரவுப் பணியே செய்யக் கூடாது என்று தடுப்பது அவர்களுக்கு நைட் ஆடிட் கற்கும் வாய்ப்பை மறுப்பதாகும். அன்றைய வரவு செலவு முழுவதையும் சரிபார்த்து மூடும் அந்த வேலைதான் ஃப்ரண்ட் ஆபீஸின், அதாவது வரவேற்புப் பிரிவின், உயிர்நாடி. வண்டி யார் ஏற்பாடு செய்கிறார்கள், பணியில் பெண் கண்காணிப்பாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பயிற்சியில் இருப்பவரும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வருகிறார். குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை ஊழியர் வாசலில் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்து மனம் ஒப்பிய பிறகு அலுவலகத்துக்குப் போய், சென்ற செமஸ்டரின் டியூட்டி சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாணவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு வாரம் வாரமாக விரலை ஓட்டுங்கள்: சமையலறை, பரிமாறல், ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் என்று நான்கும் அந்த ஒரே பெயருக்கு எதிரே வர வேண்டும். அவ்வாறு வந்தால், அன்றே விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளலாம்.